எச்சரித்தலும் விருந்தோம்பலே

நுழையும்முன்

ஓர் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அவ்வூரின் மழையும் காற்றும் ஆறும் மலையும் நன்கு பழகியவை. அதே ஊருக்கு ஒருநாள் மட்டும் வந்து செல்பவருக்கோ அவை கண்ணுக்கினிய காட்சிகள். ஊரார் அறிந்ததற்கும் வந்தவர் அறியாததற்கும் உள்ள இடைவெளியில் பல உயிர்கள் பறிபோயிருக்கின்றன. திருச்சுழியின் ஆற்றங்கரையில் தொடங்கித் தொலைநாட்டு எரிமலைகள்வரை சென்று, அந்த இடைவெளியை நிரப்பும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுழித்த வெள்ளத்தின் ஊர்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்து, குண்டாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் திருச்சுழி. வானம் பார்த்த பூமி அது. கண்மாய் நிறைந்தால் விளைச்சல் உண்டு. நிறையாவிட்டால் கரிசல் வெடித்துக் கிடக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் குண்டாற்றில் நீரைக் காண்பதரிது. வெண்மணலும் சீமைக்கருவேலமுமே ஆற்றின் அடையாளங்கள்.

இத்தகைய வறண்ட ஊரின் தலபுராணம் பேசுவது வெள்ளத்தைப் பற்றி என்பது வியப்புக்குரியது. ஊழிப் பெருவெள்ளம் நிலத்தை மூட வந்தபோது சிவபெருமான் தம் சூலத்தால் மண்ணைத் துளைத்தார் என்றும், வெள்ளம் முழுவதும் அத்துளைக்குள் சுழித்து இறங்கியது என்றும், அதனால் ஊர் திருச்சுழி எனப் பெயர்பெற்றது என்றும் அக்கதை கூறுகிறது. மழைக்கு ஏங்கும் மக்கள் தம் ஊர்ப்பெயருக்குள் ஒரு வெள்ளத்தைப் பொதிந்து வைத்திருக்கின்றனர்.

கதையைக் கதையாகவே கொண்டாலும், அதற்கு ஏற்ற நிலவியல் அங்கு உண்டு. குண்டாறு மேற்கு மலைச்சரிவுகளில் பெய்யும் மழையை ஏந்தி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்வது. திருச்சுழியில் வெயில் காயும்போதே மலைப்பக்கம் மழை கொட்டக்கூடும். அவ்வேளையில் வறண்ட மணற்பரப்பில் ஊரில் பெய்யாத மழையின் நீர் வந்து சேரும். இதனை ஆற்றங்கரையினர் அறிவர். மேற்கு வானம் கறுத்து மின்னினால், ஆற்றுக்குள் மேயும் ஆடுகளைக் கரையேற்ற எந்த அறிவிப்புப் பலகையும் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

இந்த அறிவு நூலில் பயின்றதன்று. தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் கேட்டும் பெற்றது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது ஊரோடு பிறந்தது. ஊரைவிட்டு வெளியே அவ்வளவாகப் பயன்படாது. புதிதாக வந்தவரிடம் அது தானாகச் சென்று சேர்வதுமில்லை.

மேலே மழை, கீழே வெயில்

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு நெசவாளர் குடும்பம் சாரல் காலத்தில் வேன் அமர்த்திக்கொண்டு குற்றாலத்துக்குச் செல்வதாகக் கொள்ளலாம். குண்டாற்றின் போக்கை நன்கறிந்த பெரியவர் அந்த வேனில் இருக்கக்கூடும். ஆனால் அருவியின் அடியில் நிற்கும்போது அவரும் மற்றவரைப் போன்ற ஒரு புதியவரே. எந்தப் பாறையில் ஏறினால் தப்பலாம், நீரின் ஓசை எப்போது மாறுகிறது என்பவற்றை அவர் அறியார். ஊர் மாறியதும் அறிந்தவர் அறியாதவர் ஆகிவிடுகிறார்.

இதன் விளைவைத் தமிழகம் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறது. திருச்சுழி அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்திலேயே மேற்கு எல்லையில் சதுரகிரி மலை உள்ளது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு வழிபடச் சென்றவர்கள் ஓடைகளைக் கடக்கும்போது திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர், பலர் உயிரிழந்தனர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மலைமேல் பெய்த மழையால் வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். இரண்டும் நிகழ்ந்தது கோடையில். மழைக்காலம் என்று எவரும் எண்ணாத மாதத்தில்.

இத்தகைய வெள்ளத்தின் இயல்பு எளிதில் விளங்கக்கூடியது. செங்குத்தான பாறைச் சரிவில் விழும் மழையை உறிஞ்ச அங்குப் போதிய மண் இல்லை. நீர் முழுவதும் குறுகிய ஓடைகளில் திரண்டு சில நிமிடங்களில் கீழிறங்கிவிடும். வருமுன் அது சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலிருந்து வரும் இரைச்சல் மிகும். அப்போது செய்ய வேண்டியது ஓடையின் போக்கில் ஓடுவதன்று. பக்கவாட்டில் உயர்ந்த இடத்துக்கு ஏறிவிடுவதே. மறுகரையில் காலணியும் கைப்பையும் இருப்பினும் அவற்றை எடுக்கத் திரும்பலாகாது. இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளுக்கு வாய்ப்பதேயில்லை.

நீரைப் போலவே நெருப்பும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் மலையேற்றம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் பற்றும் தீ, மேலுள்ள காய்ந்த புல்லைத் தன் வெப்பத்தால் முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு விரைந்து மேலேறும். கோடையில் மலைப்புல் எவ்வாறு காய்ந்திருக்கும், காற்று எப்பக்கம் திரும்பும் என்பவை மலையடிவாரத்தில் வாழ்வோர் அறிந்தவை. நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர் அறிந்திருக்க வழியில்லை. அவ்விபத்துக்குப் பின்னர் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. விதி பிறப்பதற்கு முன் உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதே வருத்தத்துக்குரியது.

தீயாக வணங்கப்படும் மலை

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டில் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், 1896இல் வீட்டைவிட்டு நீங்கித் திருவண்ணாமலையை அடைந்தார். ரமண மகரிஷி என்று உலகம் பின்னர் அறிந்தது அவரைத்தான். அவர் சென்று சேர்ந்த மலையைத் தமிழர் நெருப்பின் வடிவமாகப் போற்றுகின்றனர். கார்த்திகைத் திருநாளில் அதன் உச்சியில் பெருஞ்சுடர் ஏற்றப்படும். ஆனால் அது எரிமலையன்று. மிகத் தொன்மையான கெட்டிப் பாறையாலான மலை. அசையாமைக்கு உவமையாகக் கூறத்தக்க அம்மலையும் ஒருநாள் அசைந்தது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதனையொட்டி உள்மாவட்டங்களிலும் பெருமழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து அடிவாரத்து வீட்டின்மீது விழுந்தன. குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லை. புவியியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தனர். டிசம்பர் 13ஆம் நாள் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேறுவது மட்டும் அவ்வாண்டு தடைசெய்யப்பட்டது.

இம்முடிவு பலருக்கு மனக்குறையைத் தந்திருக்கலாம். எனினும் இதில் போற்றத்தக்க ஒன்று உண்டு. மரபு கைவிடப்படவில்லை, சுடர் உச்சியில் எரிந்தது. ஆய்வும் புறக்கணிக்கப்படவில்லை. நம்பிக்கையும் அறிவியலும் ஒரே மலையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க இயலும் என்பதற்கு அந்த நாள் சான்று.

எரிமலை கற்பிக்கும் பாடம்

தமிழகத்தில் இயங்கும் எரிமலை ஏதுமில்லை. ஆயினும் சுற்றுலா இடங்களில் எச்சரிக்கை எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு அமையக் கூடாது என்பதை உலகத்துக்கு மிகத் தெளிவாகக் காட்டியவை எரிமலைகளே. காரணம், எரிமலை தன் அழகையும் ஆபத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. மக்கள் காண வருவது எதையோ அதுவே அவர்களைக் கொல்லவும் வல்லது.

ஜப்பானில் 3,067 மீட்டர் உயரமுள்ள ஒண்டாகே என்னும் எரிமலை உண்டு. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலைகள் நிறம் மாறும் இலையுதிர் காலம். நண்பகலை நெருங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் உச்சியிலும் அதன் அருகிலும் இருந்தனர். முன்னறிவிப்பின்றி மலை வெடித்தது. பறந்து வந்த கற்களாலும் சாம்பலாலும் 58 பேர் இறந்தனர்; மேலும் 5 பேர் காணாமற்போயினர். அன்று அம்மலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த எச்சரிக்கை நிலை 1. அந்த நிலைக்கு அரசின் அறிவிப்பில் வழங்கிய சொல் 'இயல்பு' என்னும் பொருளுடையது. அம்மாதத் தொடக்கத்திலேயே மலைக்கடியில் சிறு நிலநடுக்கங்கள் மிகுந்திருந்தன. அச்செய்தி வெளியிடப்பட்டும் இருந்தது. ஆனால் நிலை மாறவில்லை. மலையேற வந்தவர் கண்ணில் பட்டது 'இயல்பு' என்ற சொல்லே.

விபத்துக்குப் பின் ஜப்பான் மேற்கொண்ட மாற்றங்களுள் ஒன்று மொழி பற்றியது. 2015இல் 'இயல்பு' என்ற சொல் நீக்கப்பட்டு, 'இஃது உயிருள்ள எரிமலை என்பதை நினைவிற்கொள்க' என்னும் பொருள்தரும் தொடர் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. மலையில் எதுவும் மாறவில்லை. மலையைப் பற்றிய சொல் மாறியது. ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொள்வது தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். மலையுச்சியில் உயிரையே பறிக்கும். மொழி பயில்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நியூசிலாந்தின் வக்காரி தீவில் நேர்ந்தது வேறுவகைத் தவறு. கடலிலிருந்து எழும் அந்த எரிமலையின் வாய்வரை பயணிகள் அழைத்துச் செல்லப்பட்டனர். 2019 நவம்பர் 18 அன்றே அதன் எச்சரிக்கை நிலை 1இலிருந்து 2ஆக உயர்த்தப்பட்டது. சுற்றுலா நிற்கவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். அவர்களுள் 22 பேர் இறந்தனர். பிழைத்தவர் பலர் கொடிய தீப்புண்களுடன் வாழ்கின்றனர். ஆபத்தின் அளவு தங்களுக்கு உரியவாறு உணர்த்தப்படவில்லை என்று தப்பியவருட் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினர். ஒண்டாகேயில் எச்சரிக்கை உயரவில்லை. வக்காரியில் உயர்ந்தும் வந்தவரின் உள்ளத்தைத் தொடவில்லை. அளக்கும் கருவிக்கும் ஆபத்தில் நிற்கும் மனிதருக்கும் இடையே பாலம் இல்லாதபோது, கருவி கூறியது கருவியோடு நின்றுவிடுகிறது.

பாலம் அமைந்த இடமும் உண்டு. ஜப்பானின் தெற்கே, ககோஷிமா நகரத்துக்கு எதிரே சகுராஜிமா எரிமலை இன்றும் அடிக்கடி வெடித்துச் சாம்பலைக் கொட்டுகிறது. அங்குப் பள்ளிக் குழந்தைகள் தலைக்கவசம் அணிந்து செல்வர். சாலையோரங்களில் கற்களிலிருந்து ஒதுங்கக் காப்பிடங்கள் கட்டப்பட்டுள்ளன. 1914 ஜனவரியில் நிகழ்ந்த பெருவெடிப்பின் நினைவாக ஆண்டுதோறும் வெளியேறும் பயிற்சி நடைபெறுகிறது. அங்குள்ள ஒரு தொடக்கப்பள்ளி வளாகத்தில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. 1914இல் நில அதிர்வும் பிற மாற்றங்களும் தோன்றியபோதும், வெடிப்பு நேராது என்று வானிலை நிலையம் கூறியதை நம்பித் தங்கியோர் சிலர் உயிரிழந்தனர். இயற்கையில் மாறுதல் கண்டால் பிறர் சொல்லை மட்டும் நம்பிக் காத்திராமல் வெளியேறிவிட வேண்டும் என அக்கல் அறிவுறுத்துகிறது. ஊரார் அறிவும் கருவியின் அறிவும் இரண்டுமே வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில் நிறுத்திய அறிவுடைமை பாராட்டத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் இயங்கிவரும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. இஃது அந்தமானின் தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் வாழாத தீவாக உள்ளது. 1787இல் இதன் வெடிப்பு பதிவுசெய்யப்பட்டது. நெடுங்கால அமைதிக்குப் பின் 1991இல் மீண்டும் விழித்தெழுந்து, இன்றளவும் அவ்வப்போது புகையையும் சாம்பலையும் வெளியிடுகிறது.

அச்சுறுத்தலா, அறிவுறுத்தலா?

எச்சரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் எடைபோட வேண்டும். ஆபத்தைப் பற்றிப் பேசினால் பயணிகள் வரமாட்டார்கள் என்பது முதல் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அருவிக்கரையில் சிப்ஸ் விற்பவர், எண்ணெய்த் தேய்ப்பவர், மலையடிவாரத்தில் பூவும் தேங்காயும் விற்கும் மூதாட்டி ஆகியோர் வயிற்றுப்பாட்டுக்கு நம்பியிருப்பது வந்து செல்வோரைத்தான். ஒரு வாரம் குளிக்கத் தடை என்றால் அந்த வாரம் அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது கடினம்.

எச்சரித்தது நிகழாமலும் போகலாம் என்பது இரண்டாவது வாதம். 1976இல் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் எரிமலை வெடிக்கும் என்று அஞ்சி 70,000 பேர் அளவில் வெளியேற்றப்பட்டனர். பல மாதங்கள் அவர்கள் வீடு திரும்பவில்லை. அஞ்சிய பெருவெடிப்போ நிகழவேயில்லை. அறிவியலாளர்கள் தமக்குள் வெளிப்படையாகச் சண்டையிட்டுக்கொண்டனர். வீண் எச்சரிக்கைக்கும் விலை உண்டு என்பதை மறுக்க இயலாது.

இவ்விரு வாதங்களும் ஒரு பிழையான எண்ணத்தின்மீது நிற்கின்றன. எச்சரிக்கை என்றால் தடை என்று அவை கொள்கின்றன. தடை, எச்சரிக்கையின் கடைசிப் படி மட்டுமே. அதற்கு முன் எத்தனையோ படிகள் உள்ளன. 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாதுபோ எரிமலை விழித்தபோது, எரிமலையின் கேடுகள் எப்படியிருக்கும் என்பதைக் காட்டும் ஒளிப்படச் சுருள் மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் திரையிடப்பட்டது. கேட்டு நம்பாதவர் கண்டு நம்பினர். ஜூன் 15 அன்று நிகழ்ந்த வெடிப்பு அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளுள் ஒன்று. முன்னரே வெளியேறியிருந்ததால் பல்லாயிரம் பேர் உயிர்பிழைத்தனர். விளக்கம் பெற்ற மக்கள் தாமாகவே நகர்ந்தனர்.

தடை மட்டுமே தெரிந்தவரிடம் தடை நீங்கியதும் எஞ்சுவது ஏதுமில்லை. நேற்றுக் கயிறு கட்டியிருந்த அருவியில் இன்று கயிறு இல்லையென்றால், இன்று ஆபத்தே இல்லை என்று அவர் எண்ணிவிடுவார். அறிகுறியைக் கற்றவரோ கயிறு இருப்பினும் இல்லாவிடினும் நீரின் நிறத்தைக் கவனிப்பார். வணிகர்களுக்கும் இதில் நன்மையே விளையும். ஓர் உயிரிழப்புக்குப் பின் வாரக்கணக்கில் மூடப்படும் அருவியைவிட, மேலே மழை பெய்யும் இரண்டு மணி நேரம் மட்டும் ஒழுங்காகக் காலிசெய்யப்படும் அருவியே அவர்களின் பிழைப்பைக் காக்கும். எல்லோருக்கும் முன்னதாக நீரின் மாற்றத்தைக் காண்பவர்களும் அங்கேயே நாள் முழுவதும் நிற்கும் அவர்களே. அவர்களுக்குப் பயிற்சியும் ஊதுகுழலும் அளித்து முதற்காவலர் ஆக்குவது எந்தக் கருவிக்கும் குறையாத பயன்தரும்.

வகுப்பறையின் வலிமை

அறிகுறியைக் கற்பிப்பதால் என்ன பயன் என்று ஐயுறுவோருக்கு 2004 டிசம்பர் 26 விடை தருகிறது. அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. கிறித்துமஸ் விழாவையொட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூரார் பலரும் அவர்களுள் அடங்குவர். கடல் உள்வாங்குவதை வேடிக்கை பார்க்க நின்றவர்களும் உண்டு. கடலின் அந்த மொழியைப் படிக்க எவரும் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் புகெட் தீவில் பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்தாள், டில்லி ஸ்மித் என்னும் 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. கடல்நீர் நுரைத்துக் குமிழியிட்டுப் பின்வாங்காமல் ஏறிவருவதைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் கூறியது அவள் நினைவுக்கு வந்தது. அவள் பெற்றோரிடம் வற்புறுத்தினாள், அவர்கள் விடுதிக் காவலரிடம் கூறினர், கரை காலிசெய்யப்பட்டது. ஏறத்தாழ 100 பேர் பிழைத்தனர். காப்பாற்றியது ஒரு வகுப்பறைப் பாடம், சொன்னது ஒரு குழந்தை, செவிமடுத்தவர்கள் பெரியவர்கள். மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அந்தக் கரை வேறொரு துயரக் கதையாகியிருக்கும்.

நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த இந்தோனேசியாவின் சிமலூ தீவில் சுமார் 78,000 மக்கள் வாழ்ந்தனர். இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. 1907இல் அத்தீவை ஆழிப்பேரலை அழித்தபின், நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடவேண்டும் என்பதை முன்னோர் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். அப்பேரலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்மோங்'. அந்தச் சொல் ஒலித்ததும் தீவே மலையேறியது. திருச்சுழி தன் வெள்ளத்தைப் பெயரில் பொதிந்ததுபோல் சிமலூ தன் அலையைத் தாலாட்டில் பொதிந்தது. வேறுபாடு ஒன்றே: சிமலூவின் தாலாட்டு என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது.

வறண்ட நிலத்தின் விருந்தோம்பல்

ஒவ்வோர் ஊரும் ஒருவகையில் சுற்றுலா இடமே. ரமணர் பிறந்த இல்லத்தைக் காண உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் திருச்சுழிக்கு வருகின்றனர். அவர்கள் அவ்வூரின் அக்கினி நட்சத்திர வெயிலை அறியார். நிழலில்லாத சாலையில் நண்பகலில் நடப்பது எத்தகையது என்று குளிர்நாட்டிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? மழை இறங்கும் மாலையில் கரிசற்காட்டின் நடுவே தனிமரத்தடியில் ஒதுங்கினால் இடி தாக்கும் என்பதை யார் அவருக்குச் சொல்வார்? நிறைந்த கண்மாய் மேலே சமதளமாகத் தோன்றும். மண் அள்ளிய பள்ளம் அதனடியில் ஆள் மூழ்கும் ஆழத்தில் இருக்கும். ஊர்ச் சிறுவர் அப்பள்ளத்தின் இடமறிந்து விலகி நீந்துவர். விருந்தினராக வந்த சிறுவன் நேரே அதில் இறங்குவான். விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நீர்நிலையில் மூழ்கிய செய்தியை ஒவ்வொரு கோடையும் சுமந்து வருகிறது. அவ்வீடுகளில் விருந்துக்குக் குறையிருந்திராது. சொல்லவேண்டிய ஒரு சொல்லே விடுபட்டுப்போனது.

வந்தவரை முகமலர்ந்து வரவேற்பதும் இலைபோட்டு உண்பிப்பதும் தமிழர் பெருமையாகக் கருதும் பண்பு. அப்பண்பின் எல்லை வாயிற்படியோடு முடிந்துவிடலாகாது. தன் ஊரின் வெயிலையும் நீரையும் காற்றையும் பற்றி வந்தவரிடம் எடுத்துச் சொல்வதும் விருந்தோம்பலின் பகுதியே. உணவு ஒருவேளைப் பசியைத் தீர்க்கும்; இந்த ஒரு சொல் விருந்தினரை அவர் வீட்டாரிடம் உயிரோடு திருப்பி அனுப்பும்.

சொல்லவேண்டியவரின் கடமை இதுவெனில், கேட்கவேண்டியவருக்கும் கடமை உண்டு. புதிய இடத்துக்குச் செல்லும் எவரும் அங்குள்ளோரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். இங்கு நேரக்கூடிய ஆபத்து என்ன? அது வருமுன் காட்டும் அறிகுறி என்ன? வந்தால் எந்தப் பக்கம் செல்லவேண்டும்? சுற்றுலா இடங்களில் வைக்கப்படும் பலகைகளும் இம்மூன்றுக்கே விடைதர வேண்டும். 'எச்சரிக்கை' என்று சிவப்பு எழுத்தில் எழுதி நிறுத்திவிடும் பலகை எதையும் தெரிவிப்பதில்லை. 'நீர் கலங்கினால் உடனே இடப்பக்கப் படிகளில் ஏறுக' என்ற பலகை உயிர்காக்கும். அதனைத் தமிழோடு அங்கு மிகுதியாக வருவோரின் மொழிகளிலும் படத்தோடும் அமைப்பது இன்றியமையாதது. மலையேறுவோரின் பெயரை அடிவாரத்தில் பதிந்து, மாலையில் இறங்கியவரை எண்ணிச் சரிபார்ப்பதும் அத்தகையதே. ஏறியவர் எத்தனைபேர் என்று தெரியாவிட்டால் தேட வேண்டியவர் எத்தனைபேர் என்றும் தெரியாது.

தெரிந்து தெளிவோம்

மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077. அனைத்து அவசர உதவி: 112. அவசர மருத்துவ ஊர்தி: 108. மலைப்பகுதிகளில் அலைபேசித் தொடர்பு கிடைக்காமற்போகலாம் என்பதால், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் புறப்படுமுன்னரே வீட்டாரிடம் தெரிவித்துச் செல்லுதல் நன்று.

பள்ளி மாணவர் இப்பணியைத் தொடங்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தம் ஊரில் வெள்ளம் வந்த ஆண்டு, இடி விழுந்த இடம், கண்மாயில் ஆழமான மூலை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதலாம். அதனை ஒரே பக்கத்தில் சுருக்கி, கோயில் வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டலாம். கல்விச் சுற்றுலா புறப்படுமுன் அந்த மூன்று வினாக்களுக்கும் விடை தேடிக்கொள்ளலாம். தாத்தாவின் நாவில் மட்டும் இருந்த அறிவு அப்போது வழிப்போக்கருக்கும் உரியதாகும்.

குண்டாற்றின் மணலில் இன்றும் வெயில் காய்கிறது. மேற்கு மலையில் என்றேனும் வானம் கறுக்கும். ஆட்டுக்காரர் தம் ஆடுகளைக் கரையேற்றுவார். அவ்வேளையில் ஆற்றின் அழகைப் படமெடுத்தபடி மணலில் நிற்கும் வெளியூர்க்காரரையும் அவர் குரல்கொடுத்துக் கரைக்கு அழைப்பாராயின், அவ்வூரின் விருந்தோம்பல் நிறைவுற்றதாகும்.